போற்றி ராகத்தில் படித்த இங்கிலீஷ்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துவிட்டேன். சாமி காரியமும் பரீட்சைக் காரியமும் கலந்து கிடக்கிற விஷயம் இது. எழுதினால் சாமியைக் கேலி செய்கிறாள் என்று சிலர் நினைக்கலாம், பெருமை அடிக்கிறாள் என்று சிலர் நினைக்கலாம். எனக்குக் கோர்வையாக எழுதவும் வராது. அதோடு இதில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். "என்னையப் பத்தி எழுதாதீங்கக்கா" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். போன மாதம்தான் மனசு மாறி, "பேரு போடாம எழுதுறதா இருந்தா எழுதுங்க" என்றாள். அதனால் இதில் அவள் பேரும் இல்லை, என் பேரும் இல்லை, யார் பேரும் இல்லை.

நான் மதுரையில் அலங்காநல்லூர் ரோட்டுப் பக்கம் ஒரு தெருவில் குடியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் கப்பலூரில் ஸ்டீல் பீரோ, கட்டில் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வெல்டர். ஒரே மகள், வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். நான் எங்கள் பகுதி அங்கன்வாடியில் உதவியாளர். பிள்ளைகளைக் கூட்டிவருவது, சோறு ஆக்குவது, ஊட்டிவிடுவது, கால் கழுவி விடுவது எல்லாம் என் வேலை. பிள்ளைகள் என்னை ஆயாம்மா என்பார்கள். பாடம் சொல்லி, எடை பார்த்து, ரெஜிஸ்டர் எழுதுகிறவர் டீச்சர். அந்த டீச்சர் ஜூன் மாதம் ஓய்வு பெற இருந்தார். உதவியாளராக இத்தனை வருஷம் இருந்தவள், பத்தாம் வகுப்பு பாஸ் செய்திருந்தால் அந்த இடத்துக்கு வரலாம் என்று ஆபீசில் சொன்னார்கள். ஜூன் முடிவதற்குள் பாஸ் செய்த சான்றிதழ் கையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வேறு யாரையாவது போட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் என் வயசுக்கு இன்னொரு வாய்ப்பு வராது.

நான் பத்தாவது எழுதினவள்தான். தமிழ், கணக்கு, அறிவியல், வரலாறு எல்லாம் பாஸ். இங்கிலீஷ் மட்டும் போய்விட்டது. போனது போகட்டும் என்று கல்யாணம் பண்ணிக் கொடுத்துவிட்டார்கள். ஆக, எனக்கும் டீச்சர் வேலைக்கும் நடுவில் நின்றது ஒரே ஒரு இங்கிலீஷ் பரீட்சை. அதைத் தனித்தேர்வராக எழுதுவது என்று முடிவு செய்தேன்.

டவுனுக்குள்ளே ஒரு பாத்திரக்கடைக்கு மேலே, மாடியில், ஞாயிற்றுக்கிழமை தோறும் டுட்டோரியல் நடக்கும். படி ஏறும்போதே கீழே பாத்திரம் தட்டுகிற சத்தம் காதை அடைக்கும். பெரும்பாலும் பையன்கள். பொம்பளை என்று பார்த்தால் நானும் இன்னொரு பெண்ணும்தான். அவள் என்னைவிட இளையவள். டவுனுக்குள்ளேயே பள்ளிவாசல் பக்கம் வீடு. அவள் வீட்டுக்காரருக்கு அத்தர், ஊதுபத்தி வியாபாரம். முதல் நாளே பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்து, "வாங்கக்கா, நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து ஃபெயிலாவோம்" என்றாள். அவளுக்கும் இங்கிலீஷ்தான் பாக்கி. வேலைக்காக இல்லை. "என் மக ஆறாவது படிக்கிறா. எதுக்கெடுத்தாலும் உனக்கு என்னம்மா தெரியும்குறா. அவ வாயை அடைக்கணும்" என்றாள்.

வாத்தியார் சின்ன வயசு. எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "இந்த லெட்டர், கட்டுரை எல்லாம் உங்களுக்கு லேட்டாத்தான் வரும். ஒண்ணு சொல்றேன். ஒரே மாதிரி சத்தம் வர்ற வார்த்தை இருக்கும், அர்த்தம் வேற வேற. அதை மனப்பாடம் பண்ணிட்டா அந்த மார்க் கைக்கு வந்துரும்" என்றார். ஜெராக்ஸ் தாளில் சோடி சோடியாக நிறைய வார்த்தைகள் கொடுத்தார்.

அந்தத் தாளைப் பார்த்து நான் மலைத்துப்போனேன். தமிழில் எழுதிவைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே வந்தது. சன் என்று எழுதினேன், பக்கத்தில் மறுபடி சன் என்று எழுதினேன். ஒன்று சூரியன், ஒன்று மகன். வெய்ட் என்றால் எடை, வெய்ட் என்றாலே காத்திரு. இதை மட்டும் நான் சீக்கிரம் பிடித்துக்கொண்டேன், ஏனென்றால் அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்க்கிற அன்றைக்குத் தாய்மார்கள் எல்லாரும் காத்திருப்பார்கள். ஃப்ளவர் என்றால் பூ, இன்னொரு ஃப்ளவர் என்றால் மாவு. ஸ்டீல் என்றால் எஃகு, ஸ்டீல் என்றால் திருடுவது. இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "ஏய், நான் ஸ்டீல் கம்பெனியில வேலை பாக்குறேன்னு ஊர்ல சொல்லிட்டுத் திரியுறேன். நீ மாத்திச் சொல்லிக் கெடுத்துறாத" என்றார்.

சில வார்த்தைகள் எனக்கு மனசுக்குப் பொறுக்கவில்லை. சோல் என்றால் ஆன்மா. அதே சத்தத்தில் செருப்பின் அடிப்பாகம். இது என்ன பாஷை, ஆன்மாவையும் செருப்பையும் ஒரே வாயால் ஒரே மாதிரி சொல்லச் சொல்கிறதே என்று இருந்தது. ஐடல் என்றால் சாமி சிலை, ஐடல் என்றால் வேலை இல்லாமல் சும்மா இருப்பது. என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "சரியாத்தானடி இருக்கு. சாமியும் சும்மாதானே உக்காந்திருக்கு" என்றார். எனக்கு வந்த கோபத்தில் ரசத்தை ஊற்றாமல் எழுந்து போய்விட்டேன். அவரே ஊற்றிக்கொண்டார்.

ஒரு வாரம் படித்தேன், ஒன்றும் நிற்கவில்லை. அப்போதுதான் ஒரு யோசனை வந்தது.

எங்கள் தெரு அம்மன் கோயிலில் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை திருவிளக்கு பூஜை நடக்கும். பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு குத்துவிளக்கை வைத்துக்கொண்டு வரிசையாக உட்காருவோம். ஒருத்தி நூற்றெட்டுப் போற்றியையும் ராகமாகச் சொல்ல, மற்றவர்கள் குங்குமத்தால் அர்ச்சனை செய்துகொண்டே 'போற்றி' என்று சேர்ந்து முடிப்பார்கள். முன்னால் சொல்கிறவள் நான்தான். புத்தகம் பார்க்க மாட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது. நூற்றெட்டு நாமத்தை இப்படி நெஞ்சில் வைத்திருக்கிறவளுக்கு இந்தச் சோடி வார்த்தைகள் வராமலா போகும் என்று தோன்றியது.

தாளை எடுத்து வார்த்தைகளை எல்லாம் போற்றி ராகத்துக்குத் தோதாக அடுக்கினேன். மங்களமாக இருக்கட்டும் என்று சூரியனில் ஆரம்பித்தேன். 'சன் சன், யூ போட்டால் சூரியன், ஓ போட்டால் மகன்.' அடுத்தது 'ஃப்ளவர் ஃப்ளவர், டபிள்யூ போட்டால் பூவாகும், யூ போட்டால் மாவாகும்.' இப்படியே போகும். கறி, செருப்பு, திருட்டு இதெல்லாம் வருகிற சோடிகளைக் கடைசிக்குத் தள்ளினேன். ஓம் என்றோ போற்றி என்றோ நான் சேர்க்கவில்லை. அது சாமிக்கு உரியது. ராகத்தை மட்டும்தான் எடுத்துக்கொண்டேன். சொல்லும்போது பூஜை அலமாரிக்கு முதுகைக் காட்டி, அடுப்பைப் பார்த்து நின்றுகொள்வேன்.

ஆச்சரியம், ஒரு மாதத்தில் அம்புட்டும் வாய்க்கு வந்துவிட்டது. நான் காய் நறுக்கிக்கொண்டே சொல்ல, என் வீட்டுக்காரர் குளியலறைக்குள் இருந்து ஒவ்வொன்றுக்கும் "போற்றி!" என்று குரல் கொடுப்பார். பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்ன, காலங்காத்தால பூஜையா?" என்று கேட்டார். "இங்கிலீஷ் அம்மனுக்கு நடக்குது" என்று இவர் பதில் சொன்னார்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது என் சிநேகிதிதான். டுட்டோரியல் முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது ஒருநாள் கேட்டாள்.

"அக்கா, ஹேர்ல முயலுக்கு என்ன வரும்? ஏ, ஐ போட்டதா, ஆர், ஈ போட்டதா?"

"இரு, சொல்றேன்" என்று, 'சன் சன்' என்று ஆரம்பித்தேன்.

"முயல் கேட்டேன்க்கா."

நான் உள்ளங்கையைக் காட்டி அவளை நிறுத்தினேன். முயல் வரும் வரை சொல்லி, அதையும் தாண்டி முழுசும் முடித்துவிட்டுத்தான் நின்றேன். எங்கள் பூஜையில் அதுதான் முறை. ஆரம்பித்துவிட்டால் நடுவில் வாய் பேசக்கூடாது. பேசினால் மறுபடியும் முதலில் இருந்து சொல்லவேண்டும். சிலிண்டர்காரர் வாசலில் நின்று கத்தினாலும் கையைத்தான் காட்டுவேன். இது போற்றி இல்லையே, வெறும் இங்கிலீஷ்தானே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தெரியும். ஆனால் ராகம் வந்துவிட்டால் அந்த முறையும் கூடவே வந்துவிடுகிறது. நடுவில் நிறுத்த எனக்கு நா கூசியது.

அதற்குள் என் பஸ் போய்விட்டது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நாங்களும் ஓதுறவங்கதான். சின்னப் பிள்ளையில குர்ஆன் ஓதப் போனப்ப எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. நடுவுல ஒரு இடத்தைச் சொல்லி, இங்கேருந்து ஓதுன்னு உஸ்தாது சொன்னா முழிப்பேன். அப்புறம் அவுங்களே எடுத்து எடுத்துக் கேட்டுப் பழக்கிவிட்டாங்க. பரீட்சையில வரிசையாக் கேக்க மாட்டான்க்கா. குதிச்சுக் குதிச்சுக் கேப்பான்."

"மொத்தத்தையும் சொல்ல எம்புட்டு நேரம் ஆகப் போகுது? வேகமாச் சொல்லிருவேன்."

"உங்க வேகத்தைத்தான் இப்பப் பாத்தேனே. பஸ்ஸு போயிருச்சு" என்று சிரித்தாள்.

பரீட்சை நாள் வந்தது. கோயிலில் கும்பிட்டுவிட்டு, நெற்றியில் குங்குமத்தோடு போனேன். அழகர்கோவிலுக்கு நடந்தே வருகிறேன் என்று கள்ளழகரிடமும் வேண்டிக்கொண்டிருந்தேன். சென்டர் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பம் போட்டதால் நம்பரும் அடுத்தடுத்து வந்திருந்தது. எனக்கு முன் பெஞ்சு, அவளுக்கு என் பின்னாலேயே.

கேள்வித்தாளைப் பிரித்தேன். அந்தக் கேள்வி இருந்தது. அம்மா கடையில் கோதுமை எதை வாங்கினாள் என்பது போல ஒன்று, வயலில் எது ஓடியது என்பது போல ஒன்று, இப்படிச் சில. கோடிட்ட இடத்தில் சரியான எழுத்து போட்ட வார்த்தையை எழுதவேண்டும். இதை முதலில் முடித்துவிடலாம் என்று கண்ணை மூடி ஆரம்பித்தேன். சத்தம் வரவில்லை என்றுதான் நினைத்தேன். உதடு ஆடியிருக்கிறது, மெல்லிசாக ராகமும் வந்திருக்கிறது.

"ஏம்மா, என்ன முணுமுணுப்பு? யாருக்குச் சொல்லிக் குடுக்குறீங்க?"

கண்ணைத் திறந்தால் ஹால் சூப்பர்வைசர் மேடம் பக்கத்தில் நிற்கிறார். நான் பாதியில் இருந்தேன். என்னை அறியாமல் உள்ளங்கையைத் தூக்கி அவருக்குக் காட்டினேன்.

ஹாலில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னது? எனக்கே கையைக் காட்டுறீங்களா?"

நான் தலையை ஆட்டிக்கொண்டே வேகம் வேகமாக மிச்சத்தைச் சொன்னேன். முடித்துவிட்டுக் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். செருப்பு வருகிற சோடியை எட்டுவதற்குள் அவர் என் விடைத்தாளை இழுத்து எடுத்துவிட்டார். பின்னால் திரும்பி என் சிநேகிதியின் தாளைப் பார்த்தார். அவள் அந்தக் கேள்வியைச் சரியாக எழுதி முடித்திருந்தாள். அவருக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

"சொன்னது நீங்க, எழுதுனது இவுங்களா? ஒண்ணா வந்தீங்கள்ல ரெண்டு பேரும், நான் பாத்தேனே. வாங்க சீஃப்கிட்ட."

காப்பி அடித்தார்கள் என்று எழுதிவிட்டால் இந்தப் பரீட்சை மட்டுமில்லை, அடுத்து வருகிற பரீட்சைகளும் எழுத முடியாது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். ஜூன் போய்விடும். டீச்சர் நாற்காலி போய்விடும். வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

அப்போது என் சிநேகிதி எழுந்து நின்றாள். இதை நான் அழுத்தி எழுதுகிறேன். மேடம் கையில் இருந்தது என் தாள் மட்டும்தான். அவள் தாள் அவள் பெஞ்சிலேயே இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, எனக்கு ஒன்றும் தெரியாது, இந்த அம்மா தானாக முணுமுணுத்தார் என்று சொல்லியிருந்தால் அவளை விட்டிருப்பார்கள். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

"டீச்சர், அவுங்க எனக்குச் சொல்லலை."

"உங்களைக் கேட்டேனா?"

"எனக்குச் சொல்லணும்னா மொதல்ல அவுங்களுக்குத் தெரியணும்ல டீச்சர்? நடுவுல இருந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. சத்தியமா அவுங்களுக்கு வராது. மொதல்ல இருந்து சொன்னாத்தான் வரும். அது அவுங்க கோயில் பழக்கம்."

பையன்கள் சிரித்துவிட்டார்கள். மேடம் சிரிக்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் சீஃப் இருந்த அறைக்குக் கூட்டிப்போனார்.

சென்டருக்கே பொறுப்பான அந்த சீஃப் வயசானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தார். மேடம் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "கோயில் பழக்கம்னா?" என்று என்னைப் பார்த்தார். நான் விசும்பிக்கொண்டே விளக்கு பூஜையைப் பற்றிச் சொன்னேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

"சரி, இந்தக் கேள்வித்தாள்ல இல்லாததாக் கேக்குறேன். வாரத்துக்கு ஈ, ஈ போடுறதா, ஈ, ஏ போடுறதா?"

"சன் சன்" என்று ஆரம்பித்தேன்.

"வாரம் கேட்டேன்மா."

கை தானாக எழுந்துவிட்டது. அவருக்கும் உள்ளங்கையைக் காட்டினேன். மேடம், "பாருங்க சார், இப்படித்தான் என்கிட்டயும்" என்றார். சீஃப் கேட்டுக்கொண்டே இருந்தார். டீ கொண்டுவந்தவர் தட்டைப் பிடித்தபடி நின்றுவிட்டார். பூ, மாவு, எடை, காத்திருப்பு, முடி, முயல் எல்லாம் போய் வாரம் வந்தது. "ரெண்டு ஈ போட்டால் வாரமாகும், ஈ, ஏ போட்டால் பலவீனம்." அதற்கப்புறமும் நான் நிறுத்தவில்லை.

"போதும்மா, போதும். வாரம் வந்துருச்சுல்ல" என்றார்.

"அவுங்க நிறுத்த மாட்டாங்க சார். முடியட்டும்" என்றாள் என் சிநேகிதி. அவள் அறைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அவள் தாளும் எழுதி முடிக்காமல்தானே அங்கே கிடந்தது.

நான் முடித்தேன். சீஃப் மேடத்தைப் பார்த்து, "இவுங்ககிட்டக் காப்பி அடிக்கிறதுக்கு அந்தப் பொண்ணு படிச்சே எழுதிரலாம் டீச்சர்" என்றார். அப்போதுதான் மேடம் முகத்திலும் சிரிப்பு வந்தது. விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். என்னைத் தனியாக, கரும்பலகை ஓரத்தில் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னார்கள்.

"வாயை மூடிக்கிட்டுச் சொல்ல முடியுமா?" என்றார் மேடம்.

"மூடுனா வராதுங்க டீச்சர்."

"அப்ப முந்தானையை வாயில வச்சுக்குங்க. சத்தம் வெளிய வரக்கூடாது."

முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, அந்தக் கேள்வியை எழுதி முடித்தேன். போன நேரம் போனதுதான், அதை யாரும் திருப்பித் தரவில்லை, தரவும் முடியாது. கட்டுரையில் எனக்குத் தெரிந்த நாலு வரியை எழுதுவதற்குள் மணி அடித்துவிட்டது. வெளியே வந்ததும் அவளைக் கேட்டேன்.

"எல்லாம் எழுதிட்டியா?"

"லெட்டர்ல டியர் சார் வரைக்கும் எழுதிருக்கேன்க்கா. அதுக்கு மேல சாருக்கு ஒண்ணும் சொல்ல முடியல" என்றாள். சொல்லிவிட்டு, கரும்பு ஜூஸ் குடிக்கலாமா என்று கேட்டாள்.

ரிசல்ட் வந்தது. நான் பாஸ். தேவையான மார்க்குக்கு மேலே ஒட்டிக்கொண்டிருந்த மார்க்கு, அவ்வளவுதான். அவள் ஃபெயில். அந்த லெட்டரை எழுதியிருந்தால் தாண்டியிருப்பாள்.

அவள் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல் வாசலிலேயே செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றேன். அவள் உள்ளே இருந்து, "என்னக்கா, அதையும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கிறீகளா? உள்ள வாங்க" என்றாள். சேமியா பாயாசம் வைத்திருந்தாள்.

"உன் வீட்டுல இன்னைக்குப் பாயாசமா?" என்றேன்.

"ஒருத்தி பாஸ்ல? அதுக்கு. எனக்கு என்ன ஜூன் மாசமா ஓடிப் போகுது? மறுபடி எழுதிக்கிறேன். என் மகதான் சிரிக்கிறா, சிரிக்கட்டும்."

"நீ எந்திரிச்சிருக்கவே வேணாம்."

"எந்திரிக்காம? நீங்க கையைக் காட்டிக்கிட்டே உள்ள போயிருப்பீக" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவள் எடுக்கவிடவில்லை.

ஜூன் முடிவதற்குள் சான்றிதழைக் கொடுத்தேன். உத்தரவு வந்தது. நான் டீச்சர் ஆனேன். இன்றைக்கு வரை பிள்ளைகளுக்கு எடை பார்த்து ரெஜிஸ்டர் எழுதுவது நான்தான்.

அழகருக்கு வேண்டினதை மட்டும் உடனே செய்யவில்லை. அவள் பாஸாகாமல் எனக்குக் காலெடுத்து வைக்க மனசு வரவில்லை. "சாமிகிட்டயே தவணை சொல்றியாடி?" என்று வீட்டுக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். அவள் மறுபடி எழுதினபோது, ஞாயிறு தோறும் போய் வார்த்தைகளைக் குதித்துக் குதித்துக் கேட்டேன். அவளும் விடாமல் என்னைத் திருப்பிக் கேட்பாள். அதில்தான் எனக்கு நடுவிலிருந்து சொல்லும் பழக்கம் கொஞ்சம் வந்தது. அவள் நல்ல மார்க்கில் பாஸானாள். அந்த வாரமே விடியலில் கிளம்பி அழகர்கோவிலுக்கு நடந்தேன். அவள் பாதி வழி வரை கூட நடந்து வந்து, காலில் வெடிப்புக்குப் பூச எண்ணெய் கொடுத்துவிட்டு, பஸ் ஏறித் திரும்பிப் போனாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் எங்கள் தெருவில் இந்தக் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. விளக்கு பூஜைக்கு வருகிறவர்கள் ஒருத்திக்கொருத்தி சொல்லி, நான் பரீட்சை ஹாலில் போற்றி சொன்னேனாம், மேடத்துக்கு அம்மன் வாயைக் கட்டிவிட்டதாம், விடைத்தாளில் எழுத்து தானாக விழுந்ததாம். நான் திருத்திச் சொல்வேன். "இல்லைங்க, எனக்குப் பின்னால உக்காந்திருந்த பொண்ணு எந்திரிச்சு எனக்காகப் பேசினா" என்பேன். உடனே, "பாத்தியா, அந்தப் பொண்ணு ரூபத்துல வந்தது அம்மன்தான்" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

இதை அவளிடம் சொன்னேன். "அல்லாவே! என்னைய அம்மனாவே ஆக்கிட்டாங்களா? எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா என் கதை முடிஞ்சுது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்தபிறகு அந்தச் சிரிப்பு தங்கவில்லை. அவளே இல்லாமல் போய்விட்டாளே என்று இருந்தது.

போன வருஷம் அடுத்த தெருவில் ஒரு பெண், என்னைப் போலவே உதவியாளர், இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வார்த்தைகளை ராகம் போட்டு வெள்ளிக்கிழமை தோறும் விளக்குக்கு முன்னால் சொல்லியிருக்கிறாள். அர்த்தம் ஒன்றையும் படிக்கவில்லை, எழுத்தையும் பார்க்கவில்லை. சொன்னால் போதும், அம்மன் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டாள். ஃபெயிலாகி என் வீட்டுக்கு வந்து, "எனக்கு ஏன்க்கா அம்மன் வரலை? நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று கேட்டு அழுதாள். அவளை உட்காரவைத்து இங்கே எழுதியிருப்பதை முழுசாகச் சொன்னேன். அவளுக்கு இப்போது சனிக்கிழமை தோறும் நாங்கள் இரண்டு பேரும்தான் வார்த்தை கேட்கிறோம், நடுநடுவிலிருந்து.

சாமி அனுப்பாமல் நமக்கு ஒருத்தர் வந்து நிற்பதில்லை என்று நானும் நம்புகிறவள்தான். விளக்கை ஏற்றாமல் இன்றைக்கும் நான் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. ஆனால் அன்றைக்கு எழுந்து நின்றது அவள். லெட்டரைப் பாதியில் விட்டது அவள். ஃபெயிலாகி மகளிடம் கேலி வாங்கினது அவள். அம்மனுக்கு டென்த் பாஸ் தேவை இல்லை, அவளுக்குத் தேவைப்பட்டது. அதை எனக்காக ஒத்திப்போட்டாள்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பரீட்சை எழுதப்போகிற பெண் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதைச் சொல்லுங்கள், படித்துக் காட்டுங்கள், போனில் வேண்டுமானாலும் அனுப்புங்கள். ஆனால் நடந்தது நடந்தபடி போகட்டும். நான் மேடத்துக்கும் சீஃபுக்கும் கையைக் காட்டினதைச் சொன்னால் சிரிப்பார்களே என்று அதை மறைக்க வேண்டாம். நான் எடுத்த மார்க்கைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். பள்ளிவாசல் பக்கம் வீடு என்பதை விட்டுவிட வேண்டாம். அவள் இருந்த இடத்தில் அவளையே வைத்துச் சொல்லுங்கள்.